பொட்ஸ்வானாவுக்குப் புதுசா வர்றீங்களா? சிங்கத்த விடுங்க, மாட்டப் பாருங்க

கேபரோன்ல வேலை கெடச்சிருக்குன்னு சொன்னதும் ஊர்ல எல்லாரும் கேக்குற மொத கேள்வி, "அங்க ரோட்டுல சிங்கம் வருமாமே?" வராதுங்க. இந்த நாட்டுல யானையே ஒரு லட்சத்துக்கு மேல இருக்கு, உலகத்துலயே இங்கதான் அதிகம், ஆனா அதெல்லாம் வடக்க சோபே, ஒக்கவாங்கோ பக்கம், கேபரோன்லருந்து ஒரு முழு நாள் கார் ஓட்டணும். தலைநகர்ல உங்களத் தொந்தரவு பண்ணப் போறது வேற ஐட்டங்க: ராத்திரி ஹைவேல படுத்திருக்குற மாடு, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் மூடிக் கெடக்குற கடை, மாசக் கடைசி ஏடிஎம் க்யூ, அப்புறம் 'துமேலா', அதாவது வணக்கம், சொல்லாம நேரா விஷயத்துக்குப் போற நம்ம பழக்கம். நாங்க குடும்பத்தோட இங்க ரொம்ப வருஷமா இருக்கோம், புதுசா வர்றவங்க போன் பண்ணி கேக்குறதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதனால வரிசையா எழுதி வச்சுட்டேன்.

1. ஊர்ல கிளம்பும்போது

பேப்பர் விஷயத்த மொத முடிங்க. டிகிரி, மார்க்‌ஷீட், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், கல்யாண சர்டிபிகேட், பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழ், போலீஸ் க்ளியரன்ஸ் எல்லாம் ஒரிஜினல் கையில இருக்கணும், ஹேண்ட் லக்கேஜ்ல. பிறப்புச் சான்றிதழ்ல அப்பா அம்மா ரெண்டு பேரு பேரும் இருக்கணும், ஏன்னா நாளைக்கு பிள்ளைங்களோட தென்னாப்பிரிக்கா பார்டர் தாண்டும்போது அதக் கேக்கலாம். தமிழ்ல மட்டும் இருக்குற சான்றிதழ் இங்க ஒரு ஆபீஸ்லயும் செல்லாது, இங்கிலீஷ் காப்பி வாங்கிட்டே வாங்க. இன்னொண்ணு, உங்களுக்கு வேலை பெர்மிட் கெடச்சா வீட்டுக்காரம்மாவுக்கும் வேலை பாக்க உரிமை வந்துடும்னு நெனச்சுக்காதீங்க, அவங்களுக்குத் தனியா வேலை பெர்மிட் வேணும். இது தெரியாம அங்க நல்ல வேலைய விட்டுட்டு வந்து வீட்ல உக்காந்திருக்குறவங்கள நெறைய பாத்துட்டேன்.

அடிஸ் அபாபா வழியாவோ நைரோபி வழியாவோ டிக்கெட் போட்டிருந்தா மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டுக்கங்க. நம்ம ஊரு ஆளுங்க இத மஞ்சள் காமாலையோட குழப்பிக்கிறாங்க, அது வேற இது வேற. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க, கிளம்புறதுக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டாதான் கணக்கு. ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் செல்லும். அந்த மஞ்சக் கலர் புக்லெட்ட பாஸ்போர்ட்டோடயே வச்சுக்கங்க, திரும்பி இந்தியாவுக்கு லீவுல போகும்போது நம்ம ஏர்போர்ட்ல கேட்டு நிப்பாட்டுவாங்க.

அடுத்தது ப்ளக். இங்க கரண்ட் 230 வோல்ட்தான், நம்ம மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் ஓடும். ஆனா சுவத்துல இருக்குற சாக்கெட் தென்னாப்பிரிக்கா மாடல், பெரிய மூணு குண்டு பின். கவலப்படாதீங்க, நம்ம ஊர்ல ஏசிக்கும் கீசருக்கும் போடுற 16 ஆம்பியர் பெரிய ப்ளக் இருக்கு பாருங்க, அது அப்படியே இதுல நொழையும். ஊர்லயே ஒரு எலக்ட்ரிக்கல் கடைல அஞ்சாறு ப்ளக் டாப் வாங்கி, ஒரு ஸ்க்ரூ டிரைவரோட பெட்டில போட்டுட்டு வந்தீங்கன்னா அடாப்டர் தேடி அலைய வேண்டாம். சில வீடுங்கள்ல சதுர பின் பிரிட்டிஷ் சாக்கெட்டும் இருக்கும், ரெண்டும் கலந்திருக்குற வீடும் உண்டு.

குக்கர் கேஸ்கட், விசில், மிக்ஸி ஜார் ப்ளேடு இதெல்லாம் ஸ்பேர் கொண்டு வாங்க. ஸ்வெட்டர் கண்டிப்பா. ஆப்பிரிக்கான்னா வெயில்தானேன்னு காட்டன் சட்டையோட ஜூன் மாசம் வந்து எறங்குனா நடுங்கிடுவீங்க, அத கீழ சொல்றேன்.

2. வந்து எறங்குனதும்: துமேலா

ஏர்போர்ட் இமிக்ரேஷன் கவுண்டர்லயே இது ஆரம்பிச்சுடும். ஆம்பளைக்கு "துமேலா ர்ரா", பொம்பளைக்கு "துமேலா ம்மா". கூட்டமா இருந்தா "துமேலாங்". அவங்க திருப்பிச் சொல்லுவாங்க, "ஓ காயே?"ன்னு எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க, "கே தெங்" நல்லாருக்கேன்னு சொல்லணும், நீங்களும் திருப்பிக் கேக்கணும். இவ்வளவும் முடிஞ்சப்புறம்தான் உங்க விஷயம். மொத்தமா பத்து செகண்டு ஆகும். அந்த பத்து செகண்ட மிச்சம் புடிக்கலாம்னு நேரா கவுண்டர்ல போய் "எக்ஸ்க்யூஸ் மீ, திஸ் ஃபார்ம்"னு நீட்டுனீங்கன்னா அந்தம்மா உங்கள ஒரு பார்வை பாத்துட்டு, மெதுவா, ரொம்ப மெதுவா, "துமேலா ர்ரா"ன்னு சொல்லிட்டு நிறுத்திக்கும். நீங்க பதில் சொல்ற வரைக்கும் பேப்பர் நகராது. கோவமெல்லாம் இல்ல, உங்களுக்கு மரியாத கத்துக் குடுக்குறாங்க, அவ்வளவுதான்.

பேங்க் க்யூவுல புதுசா ஒருத்தர் வந்து நின்னா எல்லாருக்கும் பொதுவா துமேலாங் சொல்லுவாரு, எல்லாரும் முணுமுணுன்னு பதில் சொல்லுவாங்க. லிஃப்ட்ல, டாக்டர் வெயிட்டிங் ரூம்ல, ஷேர் டாக்சிக்குள்ள ஏறும்போது எல்லா எடத்துலயும் இதேதான். பணமோ பேப்பரோ குடுக்கும்போது வலது கையால குடுங்க, இடது கையால வலது முழங்கைய லேசாத் தொட்டுக்கிட்டு. கை குலுக்கும்போதும் அப்படியே. பெரியவங்ககிட்ட ரெண்டு கையால வாங்குற பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கறதால இது ரெண்டு நாள்ல வந்துடும், இடது கையால நீட்டுறத மட்டும் மறந்துடணும்.

வீட்டு வாசல்ல நின்னு யாராவது "கோ கோ!"ன்னு கூப்பிட்டா கோழி புடிக்க வரல, கதவு தட்டுறாங்க. நீங்களும் அடுத்தவங்க கேட்டுக்கு வெளிய நின்னு அதையே சொல்லுங்க, நாய் இருக்கான்னும் பாத்துக்கங்க.

ஒரு அம்மாவ அவங்க மூத்த பிள்ள பேரச் சொல்லி "ம்மா நியோ"ன்னு, அதாவது நியோவோட அம்மான்னு கூப்பிடுறது இங்க சகஜம். வீட்டு வேலைக்கு வர்றவங்கள வெறும் பேரச் சொல்லி அதட்டாம "ம்மா"ன்னோ "அவுசி"ன்னோ கூப்பிடுங்க, அவுசின்னா அக்கா. சத்தம் போட்டு பேசுறதையும் கொஞ்சம் கொறச்சுக்கணும். இங்க ஜனங்க பேசுறதே பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் கேக்காது, நாம போன்ல அம்மாகிட்ட சாதாரணமா பேசுனாலே யாரையோ திட்டுறோம்னு நெனச்சு திரும்பிப் பாப்பாங்க. நெஜமாவே திட்டிடாதீங்க, அசிங்கமாத் திட்டுனா இங்க அது போலீஸ் கேஸ், போய் புகார் குடுக்கவும் செய்வாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு அது பெர்மிட் வரைக்கும் இழுத்துட்டுப் போகும்.

"ஐ ஆம் கமிங்"னு சொல்லிட்டு ஒருத்தர் உங்கள விட்டு வெளிய நடந்து போனா பயப்படாதீங்க, திரும்பி வருவாருன்னு அர்த்தம். எப்ப வருவாருன்னு கேக்கக் கூடாது.

பேச்சு ஆரம்பிக்க சப்ஜெக்ட் வேணும்னா மழை, மாடு, கால்பந்து. இல்லன்னா லெட்சிலே டெபோகோ. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 200 மீட்டர் ஓட்டத்துல 19.46 செகண்டுல வந்து இந்த நாட்டுக்கு மொத தங்கம் வாங்குன பையன், மறுநாள் மத்தியானத்துலருந்து நாடு முழுக்க லீவு விட்டாங்க. அந்தப் பேரச் சொன்னா செக்யூரிட்டிலருந்து மேனேஜர் வரைக்கும் மூஞ்சி மலரும்.

3. மொத வாரம்: சிம், கரண்ட், தண்ணி, தபால் பொட்டி

சிம் கார்டு பாஸ்போர்ட் காட்டி வாங்கிக்கலாம், மாஸ்காம், ஆரஞ்ச், பிடிசி மூணும் இருக்கு. தெருமுனைல குடைக்குக் கீழ உக்காந்திருக்குற அக்காங்ககிட்ட ஏர்டைம், அதாவது ரீசார்ஜ், கெடைக்கும், அவங்களே ஆரஞ்ச் மணிங்கிற போன் கணக்குல காசு போடவும் எடுக்கவும் செய்வாங்க. ஒரு பூலாவுக்கு 100 தெபே. பூலான்னா மழைன்னு பொருள், இந்த வறண்ட ஊர்ல காசுக்கு வேற என்ன பேரு வைக்க முடியும்.

கரண்ட் ப்ரீபெய்டு. பேங்க் ஆப்புலயோ சூப்பர் மார்க்கெட் கேஷ் கவுண்டர்லயோ மீட்டர் நம்பர் சொல்லி காசு கட்டுனா 20 இலக்க நம்பர் ஒண்ணு வரும், அத வீட்டு மீட்டர்ல குத்தணும். ராத்திரி யூனிட் தீந்து, இருட்டுல செல்போன் வெளிச்சத்துல 20 நம்பர் குத்துறது நல்லா இல்ல, அதனால கீசரப் பாத்துப் பாத்துப் போடுங்க. இங்க பாதிப் பேரு வீட்ல கரண்ட் காச திங்கிறது அந்த கீசர்தான்.

தண்ணிக்கு, வீடு பாக்கும்போதே பின்னாடி பச்சக் கலர் ஜோஜோ டேங்க் இருக்கான்னு பாருங்க. ஜோஜோங்கிறது கம்பெனி பேரு, எந்த டேங்கா இருந்தாலும் ஜோஜோதான். 2015 வறட்சில கேபரோன் அணை கிட்டத்தட்ட காஞ்சே போச்சு, நகரத்துக்கு வடக்க இருந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் பைப்புல தண்ணி கொண்டு வந்தும் பத்தாம ரேஷன் போட்டாங்க. 2017 ஆரம்பத்துல அடிச்ச மழைலதான் அணை நெரம்பி வழிஞ்சுச்சு. இப்ப நெலம பரவால்ல, ஆனாலும் பைப் ஒடஞ்சா ரெண்டு நாள் வராது. டேங்க் இருக்குற வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூட குடுத்தாலும் தப்பில்லங்கறது என் அபிப்பிராயம்.

தபால்காரர் வீட்டுக்கு வர மாட்டாரு. அப்படி ஒரு வேலையே இங்க கெடையாது. தபால் ஆபீஸ்ல பொட்டி வாடகைக்கு எடுக்கணும், இல்லன்னா கம்பெனி பொட்டி நம்பரக் குடுக்கணும். வீட்டு அட்ரஸ்னா 'ப்ளாட் நம்பர்'தான், அதுவும் பக்கத்துப் பக்கத்து ப்ளாட்டுக்கு வரிசையா நம்பர் இருக்கும்னு நம்பாதீங்க. யாராவது வீட்டுக்கு வர்றாங்கன்னா வாட்ஸ்அப்ல லொகேஷன் அனுப்புங்க, அதுதான் அட்ரஸ்.

பேங்க் அக்கவுண்ட், பெர்மிட், ஸ்கூல் அட்மிஷன் எதுக்குப் போனாலும் 'சர்ட்டிபைட் காப்பி' கேப்பாங்க. இதுக்கு கெஜட்டட் ஆபீசரத் தேடி அலைய வேண்டாம். பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரிஜினலும் ஜெராக்ஸும் எடுத்துட்டுப் போங்க, துமேலா சொல்லுங்க, டியூட்டில இருக்குற போலீஸ்காரர் ஒண்ணொண்ணா புரட்டிப் பாத்து, சீல் குத்தி, கையெழுத்து போட்டு, "கோ சியாமே", அதாவது சரின்னு சொல்லிக் குடுத்துடுவாரு. நம்ம ஊர்ல ஸ்டேஷன் வாசப்படி மிதிக்காத ஆளுங்களுக்கு இது மொத தடவ ஒரு மாதிரியாத்தான் இருக்கும். அங்க இருக்கும்போதே எமர்ஜென்சி நம்பரையும் போன்ல போட்டுக்கங்க: போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 997, ஃபயர் 998.

ஸ்கூல் பத்தி ஒரே விஷயம், இங்க வருஷம் ஜனவரில ஆரம்பிக்கும், மூணு டெர்ம். ஜூன்ல வந்தீங்கன்னா பிள்ள பாதி வருஷத்துல போய் சேரும், எந்த கிளாஸ்ல போடுறதுன்னு ஸ்கூல்ல பேசி முடிவு பண்ணணும், இடம் இருக்கான்னு ஊர்லருந்தே மெயில் போட்டுக் கேளுங்க.

4. ரோடு

வண்டி ஓட்டுறது நம்ம ஊரு மாதிரி இடது பக்கம்தான், ஸ்டியரிங்கும் வலது பக்கம், அதனால ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு ஈசி. மொகோடிட்ஷானே பக்கம் போனீங்கன்னா ரோட்டோரம் பூரா ஜப்பான்ல ஓடி முடிச்ச பழைய கார்ங்க வரிசையா நிக்கும், புதுசா வர்றவங்க பாதிப் பேரு மொத கார் அங்கதான் எடுக்குறாங்க. எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்க கூட்டிட்டுப் போங்க. ரேடியோ ஜப்பான்காரம்மா குரல்ல பேசும், அத மாத்த முடியாது, பழகிடும்.

சிக்னலுக்கு பேரு 'ரோபோ'. "ரெண்டாவது ரோபோல லெஃப்ட் எடு"ன்னு யாராவது சொன்னா பொம்மைய தேடாதீங்க. சிக்னல் இல்லாத நாலு ரோடு கூடுற எடத்துல 'ஃபோர் வே ஸ்டாப்'னு போர்டு இருக்கும், அங்க யாரு மொத வந்து நின்னாங்களோ அவங்கதான் மொத போகணும், நெஜமாவே நின்னு, ஒருத்தர ஒருத்தர் பாத்து, வரிசைப்படிதான் போறாங்க. இதுல நம்ம ஊர் ஸ்டைல்ல மூக்க நொழச்சீங்கன்னா ஹாரன் அடிக்க மாட்டாங்க, தலைய மட்டும் ஆட்டுவாங்க, அது ஹாரன விட மோசம். பெட்ரோல் பங்க்ல ஆளு வந்து போடுவாங்க, கண்ணாடியும் தொடைப்பாங்க, சில்லற குடுங்க.

இப்ப மாட்டுக்கு வருவோம். ஹைவேல 120 வரைக்கும் போகலாம், ரோடு நேரா, காலியா, கால் தானா அமுத்தும். ஆனா ரெண்டு பக்கமும் மாடு, கழுத, ஆடு மேயுது. கழுத ரோட்டு நடுவுல அசையாம நிக்கும், பகல்ல தூரத்துலருந்தே தெரியும். ராத்திரி தெரியாது. கறுப்பு மாடு தார் ரோட்டுல படுத்திருந்தா, தார் சூட்டுக்கு அதுங்க அங்கதான் வந்து படுக்கும், ஹெட்லைட்ல கண்ணு மின்னுற வரைக்கும் அங்க ஒண்ணு இருக்குன்னே தெரியாது, மின்னும்போது பிரேக் போட எடம் இருக்காது. அதனால எங்க வீட்ல சட்டம் ஒண்ணுதான்: பொழுது சாஞ்சா ஊருக்கு வெளிய வண்டி கெடையாது. ஃபிரான்சிஸ்டவுன் 430 கிலோமீட்டர்னா காலைல 6 மணிக்கு கிளம்பு, லேட்டாயிடுச்சா, வழில இருக்குற பலாப்யேல ரூம் எடுத்துத் தங்கு. ஆபீஸ்ல யாராவது "ராத்திரியே கிளம்பிடலாம், டிராஃபிக் இருக்காது"ன்னு சொன்னா சிரிச்சுட்டு மறுத்துடுங்க.

கார் இல்லாத வரைக்கும் கோம்பிதான், அதாவது மினி வேன், ரூட் நம்பர் முன் கண்ணாடில இருக்கும். நீல நம்பர் ப்ளேட் இருந்தா அது பயணிகள் வண்டி. பின்னாடி சீட்ல உக்காந்திருந்தா காசு ஒவ்வொருத்தர் கையா மாறி முன்னாடி போகும், சில்லறையும் அப்படியே திரும்பி வரும், ஒரு தெபே கொறையாது. டிரைவர் பக்கத்து சீட்ல உக்காராதீங்க, அங்க உக்காந்தா கணக்குப்பிள்ள வேலை உங்க தலைல விழும். டாக்சில தனியா போகணும்னா 'ஸ்பெஷல்'னு சொல்லணும், ரேட்ட ஏறுறதுக்கு முன்னாடி பேசிடுங்க. இப்பல்லாம் இன்டிரைவ் ஆப்பும் ஓடுது.

5. சமையலும் சாப்பாடும்

"நான் வெஜிடேரியன்"னு சொன்னா, "ஓகே, சிக்கன் இருக்கு"ன்னு பதில் வரும். கிண்டல் இல்ல, இங்க நாமான்னா கறி, கறின்னா மாடு, கோழி கிட்டத்தட்ட காய்கறி கணக்கு. அதனால கோழி வேண்டாம், மீன் வேண்டாம், பன்னிக்கறித் துண்டு மேல தூவக் கூடாதுன்னு ஒண்ணொண்ணா சொல்லணும்.

ஆனா சமையல்கட்டுக்குள்ள வந்துட்டா இந்த ஊரு நமக்கு ரொம்ப ஒத்துப் போகும், இதத்தான் வர்றவங்க யாரும் எதிர்பாக்குறதில்ல. சூப்பர் மார்க்கெட்ல 'மபேலே'ன்னு ஒரு மாவு பாக்கெட் அடுக்கி வச்சிருப்பாங்க, அது வேற ஒண்ணுமில்ல, சோளம், நம்ம பாட்டிங்க களி கிண்டுன அதே சோளம். அத புளிக்க வச்சு காலைல கஞ்சி காச்சுறாங்க, 'திங்'னு பேரு, புளிப்பா நல்லாருக்கும். கம்புக்கு 'லெபெலெபெலே', வடக்குப் பக்கம் அதிகம். தட்டப்பயறு 'தினாவா', அந்தச் செடியோட கீரைய காய வச்சும் விக்கிறாங்க, 'மொரோகோ'. வாங்கி வெங்காயம், காஞ்ச மெளகா, பூண்டு போட்டு வதக்கிப் பாருங்க.

பால் ஃப்ரிட்ஜ் பக்கத்துல 'மதிலா'ன்னு பிளாஸ்டிக் பாக்கெட்ல ஒண்ணு இருக்கும். கெட்டித் தயிர். புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், கட்டி கட்டியா வரும், மோர்க்கொழம்புக்கு அத விட்டா வேற எதுவும் வேண்டாம். ஒரு கரண்டி எடுத்து ஆறுன பால்ல உறை ஊத்துனாலும் தோஞ்சுடும். நெறைய பேரு இது தெரியாம விலை கூடுன யோகர்ட் டப்பாவ வாங்கி தயிர் சாதம் பெசஞ்சுட்டு, இனிக்குதுன்னு பொலம்பிட்டு இருப்பாங்க.

அரிசில டேஸ்டிக் எல்லா கடைலயும் கெடைக்கும், புழுங்கல் அரிசிதான், சோத்துக்கு ஓகே, இட்லிக்கு வேண்டாம். இட்லி அரிசி, உளுந்து, புளி, பெருங்காயமெல்லாம் ப்ராட்ஹர்ஸ்ட் பக்கம் இந்தியக் கடைங்கள்ல வாங்கலாம். மத்தபடி மாச சாமானுக்கு சொப்பீஸ், லொபாட்சேல 1986ல ஒரே ஒரு கடையா ஆரம்பிச்சு இன்னைக்கு பக்கத்து நாடு வரைக்கும் போயிருக்கு, இந்திய வம்சாவளிக் குடும்பம் ஆரம்பிச்சது. கறிவேப்பில கடைல எப்பவும் இருக்காது, தமிழ்க்காரங்க யாரு வீட்டுத் தோட்டத்துல மரம் இருக்குன்னு கேட்டு வச்சுக்கங்க, ஒரு கன்னும் கேளுங்க. ஊர்லருந்து செடி, வெத, பச்சக் காய் கொண்டு வராதீங்க, ஏர்போர்ட்ல புடுங்கிடுவாங்க.

ஜூன், ஜூலைல மாவு பொங்காது. ராத்திரி வெளிய வச்ச மாவு காலைல வச்ச மாதிரியே பாத்திரத்துல முழிச்சுட்டு இருக்கும். இதுக்கு எங்க தெருவுல எல்லாரும் பண்றது, மாவு பாத்திரத்த நல்லா மூடி, துண்டு சுத்தி, வெயில்ல நிக்கிற கார் பின் சீட்ல வச்சுடுறது. குளிர்காலத்துலயும் பகல் வெயில் சுள்ளுன்னு அடிக்கும், கண்ணாடி மூடுன கார் நல்லா சூடேறும், காலைல 10 மணிக்கு வச்சா சாயந்திரத்துக்குள்ள பொங்கிடும். பாத்திரம் பெருசா எடுங்க, பொங்கி சீட்ல ஊத்துனா அந்த வாசன அடுத்த மழைக்காலம் வரைக்கும் போகாது.

காலைல பஸ் ஸ்டாண்டு பக்கம் எண்ணெல பொரிச்சு விக்கிற மாவு உருண்டை, 'மக்வின்யா', சைவம்தான், சூடா வாங்கிச் சாப்பிடுங்க. அதே எடத்துல கறுப்பா சுருண்டு காஞ்ச ஒண்ண டம்ளர் கணக்குல அளந்து குடுப்பாங்க, அது 'பானே', மொபானே மரத்துப் புழு. ருசி பாக்குறதும் பாக்காததும் உங்க இஷ்டம், ஆனா நீட்டும்போது மூஞ்ச சுளிக்காம "கே அ லெபோகா ம்மா (நன்றிம்மா), வயிறு ஃபுல்"னு சொல்லிடுங்க, அவங்க வீட்ல அது விருந்துச் சாப்பாடு.

6. கடை நேரம், மாசக் கடைசி, டிசம்பர்

மால் கடைங்க சாயந்திரம் 6, 7 மணிக்கே மூட ஆரம்பிச்சுடும், ஞாயித்துக்கிழமை பல கடை மத்தியானத்தோட சரி. ராத்திரி 9 மணிக்கு பால் வாங்க எறங்கிப் போற பழக்கத்த இங்க மறந்துடணும். சம்பளம் விழுற வாரம் வெள்ளி, சனி பேங்க், சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க் எங்கயும் போகாதீங்க. எங்க வீட்ல மாச சாமான் அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையே வந்துடும்.

டிசம்பர் நடுவுலருந்து ஜனவரி மொத வாரம் தாண்டி வரைக்கும் கேபரோன் காலி. இங்க ஒவ்வொரு குடும்பத்துக்கும் நகரத்து வீடு போக சொந்த கிராமம், வயல் கொட்டா, மாட்டுப்பட்டின்னு தனித்தனி எடம் உண்டு, எல்லாரும் அங்க போயிடுவாங்க. அந்த சமயத்துல பெர்மிட் ஃபைல் நகரும், பிளம்பர் வருவாருன்னு எதிர்பாக்காதீங்க. டாக்குமெண்ட் வேலை எல்லாம் நவம்பர்லயே முடிங்க.

7. குளிர்

கேபரோன் கடல் மட்டத்துலருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம். அக்டோபர்ல 38, 40 டிகிரி போகும், அதே ஊர்ல ஜூலை விடியக்காலைல பூஜ்யத்துக்குப் பக்கத்துல வரும். வீடுங்க எல்லாம் வெயிலுக்குக் கட்டுனது, ஹீட்டர் கெடையாது, தரை டைல்ஸ் ஐஸ் மாதிரி இருக்கும். ஒரு கேஸ் ஹீட்டரோ, எலக்ட்ரிக் போர்வையோ மே மாசமே வாங்கிடுங்க, ஜூன்ல கடைல தீந்துடும். கேஸ் ஹீட்டர் போட்டுட்டு கதவு, ஜன்னல் முழுக்க மூடிப் படுக்காதீங்க, ஆளையே கொல்லும் அது. தேங்கா எண்ணெ பாட்டில் கல்லா ஒறஞ்சுடும், வாய் அகலமான டப்பால மாத்தி வச்சுக்கங்க. காத்துல ஈரமே இல்லாததால குதிகால், உதடு வெடிக்கும், கார் கதவத் தொட்டா சுரீர்னு ஷாக் அடிக்கும், அது கார் கோளாறு இல்ல.

8. சனிக்கிழமை விடியக்காலை

ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க வீட்ல சாவு விழுந்தா, அடக்கம் பெரும்பாலும் சனிக்கிழமை சூரியன் வந்தும் வராத நேரத்துல. அந்த வாரம் பூரா சாயந்திரம் வீட்ல பிரார்த்தன நடக்கும், ஒரு நாளாவது போய் உக்காந்துட்டு வரணும். இதுக்குப் போறத வச்சுத்தான் உங்கள அவங்க எடை போடுவாங்க, வருஷக் கடைசி பார்ட்டிக்குப் போகலன்னா யாரும் கேக்க மாட்டாங்க. ஆபீஸ்ல காகித உறை ஒண்ணு சுத்தி வரும், முடிஞ்சத போடுங்க.

பொம்பளைங்க பேண்ட் போட்டுட்டுப் போகக் கூடாது, பாவாடையோ கவுனோ, தலைல துணி, தோள்ல சால்வை. புடவை கட்டி, மேல ஒரு சால்வை போத்திட்டுப் போனீங்கன்னா ரொம்பப் பொருத்தம், கெழவிங்க கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சுக்குவாங்க. ஆம்பளைங்க எவ்வளவு வெயிலா இருந்தாலும் கோட் போடணும். ஊர்ப் பஞ்சாயத்து நடக்குற க்கோட்லாவுக்குப் போனாலும் இதே உடுப்புதான்.

அடக்கத்துக்கு மண்ணு தள்ள கூலியாள் கெடையாது. சொந்தக்கார, ஆபீஸ்கார ஆம்பளைங்களே மாத்தி மாத்தி மண்வெட்டி வாங்கி மூடுவாங்க, உங்க கைக்கு நீட்டுனா வாங்கி நாலு மண்ணு அள்ளிப் போட்டுட்டு அடுத்தவருக்குக் குடுங்க. முடிஞ்சு வீட்டுக்குத் திரும்புனதும் வாசல்ல தண்ணி வச்சிருப்பாங்க, கை கழுவிட்டு உள்ள போகணும், இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. அப்புறம் சாப்பாடு. மூணு கால் இரும்புப் பானைல ராத்திரி பூரா ஆம்பளைங்க வேக வச்ச மாட்டுக்கறிய உப்பு மட்டும் போட்டு இடிச்சு எடுப்பாங்க, 'செஸ்வா'. கறி சாப்பிடாதவங்க சோளக்கஞ்சியும் முட்டக்கோசும் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம், சாப்பிடாம மட்டும் கிளம்பாதீங்க.

9. திருட்டு

நாடு அமைதியானது, ஆனா திருட்டு இருக்கு. ஜன்னல் கம்பி, கேட் பூட்டு, முடிஞ்சா மின்வேலி. கார் சீட்ல லேப்டாப் பை வைக்காதீங்க, காலிப் பையா இருந்தாலும் கண்ணாடிய ஒடச்சுதான் பாப்பாங்க. இருட்டுனப்புறம் புதருக்கு நடுவுல போற ஒத்தையடிப் பாதைல போன் பேசிட்டு நடக்காதீங்க.

10. ஊர் சுத்தும்போது

ஏ1 ரோட்டுல வடக்க போனா திபேட்டேங்கிற எடத்துல கேட் போட்டு நிப்பாட்டுவாங்க. போலீஸ் இல்ல, கால்நடைத் துறை. கோமாரி நோய் பரவக் கூடாதுன்னு நாட்டையே வேலி போட்டு பிரிச்சு வச்சிருக்காங்க, மாட்டுக்கறி ஏற்றுமதி இவங்களுக்கு அவ்வளவு முக்கியம். திரும்பி தெற்க வரும்போது பச்சக் கறி இருக்கான்னு டிக்கி, ஐஸ் பொட்டி எல்லாம் தெறந்து பாப்பாங்க. சில கேட்டுல எறங்கி மருந்துத் தண்ணி நனச்ச மிதியடில செருப்போட மிதிக்கச் சொல்லுவாங்க, டிக்கில இருக்குற மத்த செருப்பையும் எடுத்து வந்து முக்கணும். சைவம்னு சொன்னாலும் பாப்பாங்க, சிரிச்சுட்டே தெறந்து காட்டுங்க. வடக்க போறதுன்னா, அதுவும் நவம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும், மலேரியா மாத்திரைக்கு டாக்டரப் பாத்துட்டுப் போங்க, கேபரோன்ல மலேரியா கெடையாதுங்கறதால பலரும் மறந்துடுறாங்க. நாட்டா தாண்டி கசானே ரோட்டுல யானை நெஜமாவே குறுக்க வரும், வண்டிய தூரமா நிப்பாட்டி அது போற வரைக்கும் இருங்க, ஹாரன் அடிக்காதீங்க, செல்ஃபிக்கு எறங்காதீங்க.

ஜோஹன்னஸ்பர்க் 360 கிலோமீட்டர் சுமார், ட்லோக்வெங் பார்டர் வழியா. தென்னாப்பிரிக்கா விசா தனியா எடுக்கணும், கடைசி நேரத்துல கெடைக்காது. கார் உங்க பேர்ல இல்லன்னா ஓனரோட லெட்டர் வேணும். அங்க ஃபோர்ட்ஸ்பர்க்ல மளிகைல கெடைக்காத சாமான் இல்ல. இன்னும் தூரம் போய் டர்பன் பாத்தீங்கன்னா நாயுடு, பிள்ளை, கோவிந்தர், மூட்லின்னு போர்டு போர்டா இருக்கும், 1860 நவம்பர்ல மெட்ராஸ்லருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்து எறங்குன மொதக் கப்பல்லருந்து ஆரம்பிச்ச கதை அது. பாதிப் பேருக்கு மேல தமிழ் பேச வராது, காவடி மட்டும் விடாம எடுக்குறாங்க. அதனாலதான் கேபரோன்ல உங்களப் பாத்ததும் "நீங்க டர்பனா?"ன்னு கேப்பாங்க.

11. அப்பா அம்மாவக் கூட்டிட்டு வரும்போது

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும், அழைப்புக் கடிதம், உங்க பெர்மிட் காப்பி எல்லாம் வச்சு முன்கூட்டியே போடுங்க. அக்டோபர் வெயிலும் வேண்டாம், ஜூலைக் குளிரும் வேண்டாம், ஏப்ரல், மே இல்லன்னா ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் நல்லாருக்கும். பிபி, சுகர் மாத்திரைய டாக்டர் சீட்டோட, ஒரிஜினல் அட்டைலயே, தங்குற நாளுக்கு மேல ரெண்டு வாரத்துக்கு கூடவே எடுத்துட்டு வரச் சொல்லுங்க, தனித்தனியா டப்பால கொட்டி வச்சா ஏர்போர்ட்ல கேள்வி வரும். ட்ராவல் இன்ஷூரன்ஸ் இல்லாம கூட்டிட்டு வராதீங்க, பிரைவேட் ஆஸ்பத்திரில அட்மிஷனுக்கு முன்பணம் கேப்பாங்க. ஊறுகா பாட்டில செக்-இன் பெட்டில நாலு பிளாஸ்டிக் பை சுத்தி வைக்கணும். அப்புறம் அம்மாவுக்கு ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே "துமேலா ம்மா" மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க, மிச்சத்த பக்கத்து வீட்டு அம்மா பாத்துக்குவாங்க.